கை சும்மா இராத ஆத்தப்பன் ஐயாவுக்கு

நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் நிறுவனத்தின் நெடுநாள் நெஞ்சுரமே, பிசிறு நூலும் பிரிந்த தையலும் கண்டால் பொறுக்காத பெருந்தகையே, இருபத்தேழு ஆண்டுகள் எங்களோடு உழைத்து இன்று குவாலிட்டி மேனேஜராய்ப் பணி நிறைவு பெறும் திருமிகு ஆத்தப்பன் ஐயா அவர்களே, வணக்கம்.

இத்தகைய மடல்களில் அடுத்ததாக 'கடமையில் கவனம் சிதறாத கண்ணியரே' என்று ஒரு வரி வர வேண்டும். எழுதினேன், அடித்தேன், மறுபடியும் எழுதினேன். எழுதுவது ஹெச்.ஆர். கீர்த்தனா, ஊழியர் எல்லோர் சார்பிலும். உங்கள் கவனத்தைப் புகழ எனக்கு என்ன தகுதி என்று செக்கிங் சூப்பர்வைசர் அன்புசெல்வி அக்கா கேட்டால் அது நியாயம்தான். என்னால் அவருடைய வேலையே போயிருக்கும். உங்களால் போகவில்லை. ஆனால் எதனால் போகவில்லை என்பதுதான் இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை.

திங்கள்தோறும் தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை நீளும் நம் மீட்டிங்கில், எந்தத் தையல் லைன் பிந்துகிறது, எந்தத் துணி வரவில்லை என்று ஒவ்வொருவரும் ஒப்பிக்க, நீங்களோ தலை நிமிராமல் நோட்டில் படம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். கொம்பு வளைந்த காளை, குட்டியோடு வெள்ளாடு, வடம் பிடிக்க ஆளில்லாத அவிநாசித் தேர். குறிப்பு என்று ஒரு சொல் இராது. மூன்று மாதம் கழித்து யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தைப் புரட்டி, "இந்த ஆட்டுக்குக் காது போடறப்பத்தானுங்க சாயம் வெளுக்குதுன்னு சொன்னாங்க" என்பீர்கள். அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் திரையில் பேசும்போது மூத்தவர் ஒருவர் ஆடு வரைவது மரியாதைக் குறைவு என்று எனக்குப் பட்டது. 'மீட்டிங்கில் கிறுக்கக் கூடாது' என்று நோட்டீஸ் ஒட்டினேன். "செரீங்க கண்ணு" என்று பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டீர்கள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வாரம்தான் இரண்டு மணி நேர வீடியோ கால். குழந்தைகள் பனியனில் கழுத்து லேபிளை எடுத்துவிட்டுப் பக்கத் தையலில் வைக்கச் சொன்னார் பையரான அந்த அம்மா. அன்புசெல்வி அக்கா, தைத்து முடிந்திருந்த முதல் லாட் சரக்கைக் கழுத்து லேபிளோடு பாஸ் செய்தார். மறுவாரம், "மாத்தச் சொன்னது எல்லா லாட்டுக்கும். அக்கா பார்க்காம விட்டுட்டாங்க" என்றார் பையர் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சதீஷ்குமார். அந்த வீடியோ கால் முழுவதும் லேப்டாப்பில் குறிப்பெடுத்தவர் அவர். நானோ கண்கொட்டாமல் திரையைப் பார்த்திருந்தேன். நினைவில் நின்றது அந்த அம்மாவின் பின்னால் படுத்திருந்த பூனை மட்டும். பையரிடமே கேட்கலாமென்றால், நாம் காது கொடுக்கவில்லை என்பது தெரிந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். அக்காவை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை நான் டைப் அடித்தும் விட்டேன்.

"கை சும்மா இருந்துச்சுங்க, மனசு அவிநாசி வரைக்கும் போயிட்டு வந்துருச்சு" என்று நீங்கள் கையைப் பிசைந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். பிறகு திடீரென்று, "ஏனுங்க, மீட்டிங் மேசை எங்கீங்க?" என்றீர்கள்.

துணியில் பழுதுள்ள இடத்தைக் காட்ட நாம் ஒட்டும் சிவப்பு ஆரோ ஸ்டிக்கர் ஒரு தாள் எப்போதும் உங்கள் சட்டைப் பையில் இருக்கும். பேனாவைப் பறிகொடுத்த கை, உங்களுக்கே தெரியாமல், வீடியோ கால் நடந்த இரண்டு மணி நேரமும் மேசைக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மேசையோ அறையில் இல்லை. சனிக்கிழமை கூட்டிப் பெருக்க மேசையைக் கவிழ்த்த பழனாயி அம்மா, அதைப் பழுதான சரக்கோடு ரிஜெக்‌ஷன் ரூமில் போட்டுவிட்டார். "ஆரோ ஒட்டுன சாமான் வெளிய இருக்கப்படாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க" என்றார் உங்களிடமே. நீங்கள் வகுத்த விதி அது. பழுதை நீக்காமல் ஸ்டிக்கரைப் பிரிக்கக் கூடாது என்பதும் உங்கள் விதிதான். அதனால் ஒன்றைக்கூட அவர் உரிக்கவில்லை, சாமி காப்பாற்றியது.

அந்தத் தூசியில், வெள்ளை வேட்டியோடு, மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தீர்கள். கண்ணை மூடி விரலால் தடவினீர்கள். கோணல்மாணலாக ஒரு தேர். "இது சக்கரம். இதுல லேபிள் மாத்தறதைப் பத்திப் பேசுனாங்க. மேல் தட்டு ஒட்டறப்ப, மொத லாட்டு தெச்சாச்சுன்னா அப்படியே அனுப்புங்க, அடுத்ததுல இருந்து மாத்துங்கன்னாங்க. அப்பத்தானுங்க பூனை குதிச்சுது." பூனை குதித்தது எனக்கும் நினைவிருந்தது. அந்தத் துணிச்சலில் பையருக்கு எழுதிக் கேட்டோம். ஆமாம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. சதீஷ்குமார் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கடிதத்தைக் கிழித்தேன், நோட்டீஸையும் கிழித்தேன். அக்கா அழுதுவிட்டு லைனுக்குப் போய்விட்டார்.

அதன்பின் எல்லோரும் வரைந்து பார்த்தோம், ஐயா. மீட்டிங் அறை எல்.கே.ஜி. வகுப்பானது. கட்டிங் நித்தீஷுக்கு வட்டம் வட்டமாகப் போட்டால் எல்லாம் நினைவில் நிற்கிறதாம். நான் விதவிதமாகக் கொலுசு வரைந்தேன், கொலுசுதான் நினைவிருக்கிறது. வரைவதால் காது திறக்கிறதா, வாய்த்த காதுக்குக் கை தாளம் போடுகிறதா? கேட்டால், "தெரியலீங்க கண்ணு, கைக்கு வேலை கொடுத்தா மனசு ஊட்டோட கெடக்குது, அவ்வளவுதான்" என்கிறீர்கள். உங்களை எந்தக் குணத்துக்காகப் பாராட்டுவது என்று இந்தப் பத்தி வரை வந்தும் எனக்குத் தெரியவில்லை. கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. பார்க்காத நீங்கள் கேட்டீர்கள். அன்புசெல்வி அக்கா வீட்டில் அடுப்பு எரிகிறது.

வேலம்பாளையம் வீட்டில் நீங்கள் நோய்நொடியின்றி, நிறைந்த மனத்தோடு, நோட்டும் பேனாவுமாய் நெடுநாள் வாழ வேண்டும்.

இதை நான் வாசிக்கையில் மேடையில் மாலையும் கழுத்துமாய், கைகட்டி, மரியாதையாக உட்கார்ந்திருப்பீர்கள். அப்படி உட்கார்ந்தால் உங்கள் மனசு எங்கே போகும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடலுக்கு இன்னும் கண்ணாடிச் சட்டம் போடவில்லை. இன்னொரு பிரதி உங்கள் மடியில் இருக்கிறது, நாலு ஓரமும் வெறுமையாய், சட்டம் அதற்குத்தான். அன்புசெல்வி அக்கா இப்போது மேடைக்கு வந்து, அன்று நான் வாங்கி வைத்த அதே பேனாவை உங்களிடம் தருவார்.

இன்னும் ஏழு பேர் பேச இருக்கிறார்கள், ஐயா. எல்லாம் நீளமான பேச்சு. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வரையுங்கள். எங்களை மறந்துவிடாதீர்கள்.

இங்ஙனம்,
நோட்டீஸ் ஒட்டிய கீர்த்தனாவும்,
உங்கள் படங்களுக்குள் எங்கோ இருக்கும் சக ஊழியர் அனைவரும்.