சாமிக்கு வைத்த குமுட்டி

கேரட்டுக்குக் கல் ஆகாது, சார். வேர் இறங்கும் வழியில் சின்னக் கல் இருந்தாலும் காய் இரண்டாகப் பிளந்து, கால் முளைத்ததுபோல் வரும். மண்டியில் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அதனால் மலைமேல் இந்தக் கேத்தியில் எங்களுக்கெல்லாம் கல் பொறுக்குவது சின்ன வயதிலிருந்தே பழகிய வேலை.

ஒரு கல்லை மட்டும் நாங்கள் தொட்டதில்லை. என் தோட்டத்து மேல்வரப்பில் கற்சிலையாகக் கண்மூடி உட்கார்ந்திருந்தவரை மொட்டை முனி என்போம். தொல்லியல் துறையிலிருந்து நீங்கள் வந்து பார்த்த பிறகுதான் அவர் சமணர்களின் தீர்த்தங்கரர் என்று தெரிந்தது. எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்கள், சிலர் உண்ணாமல் இருந்தே உயிரை விட்டார்கள் என்று பொறுமையாக விளக்கினீர்கள். தலையாட்டினேன். "சுத்தி வேலி போட்டுருவோம், பக்கத்துல எதுவும் கட்டக் கூடாது" என்றதுதான் என் காதில் விழுந்தது. வரப்புக்குக் கீழே என் புது வீட்டுக்குத் தூண் எழுப்பியிருந்தேன். வாடகை வீட்டிலேயே பாதி ஆயுள் போனவன் நான்.

கருப்பம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்கு உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தாரே, அவர்தான். சிறுவயதில் இலங்கையிலிருந்து வந்தவர், என் தோட்டத்தில் கூலி வேலை. உறைபனி விழும் நாட்களில், துணியில்லாமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று முனிக்கு முன்னால் குமுட்டி அடுப்பில் கரி மூட்டி வைப்பார். "சாமிக்கும் குளிருந்தானே தம்பி" என்பார். ஊரே சொல்லிச் சிரிக்கும், நானும்.

பாறையை உடைக்க வெடி வேண்டாம். சுற்றி விறகை அடுக்கி எரித்து, கல் நன்றாகச் சுட்டதும் சட்டென்று குளிர்ந்த நீரை ஊற்றினால் போதும். கிணறு வெட்டும்போது அப்பா செய்து பார்த்திருக்கிறேன். உறைபனிக் காலையில் எங்கே புகை எழுந்தாலும் எங்கள் பக்கம் யாரும் கேட்பதில்லை. நான் தண்ணீரை ஊற்றியதும் முனியின் முகத்திலிருந்து மடிவரை விரிசல் ஓடியது. பிறகு அவர் துண்டு துண்டானார். சாம்பலை வாரிவிட்டு, கருப்பம்மாவின் குமுட்டியை இழுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

கருப்பம்மாவை நான் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. ஊர் குமுட்டியைப் பார்த்தது, அவர் வைத்த நெருப்பில்தான் சாமி உடைந்தது என்று தானாகவே சொல்லிக்கொண்டது.

அன்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை. மகள் ரேணுகா என்னைத் தேடி வந்தாள். "அண்ணா, நீங்க சொன்னாத்தான் அம்மா கேக்கும்" என்று அழுதாள். கஞ்சியோடு போனேன்.

"குளிருமேன்னு வச்சேன். சாமியச் சுட்டுப்போட்டேனே தம்பி. எனக்குக் கஞ்சி குடிக்க ஏலாது."

'நீங்க இல்லீங்க, நான்தானுங்க' என்பது தொண்டைவரை வந்தது. வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. "சாமி கோவிச்சுக்காதுங்க, குடிங்க" என்று மட்டும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, சார். அப்போது என் குரல் நடுங்கக்கூட இல்லை.

கூரைக்குக் கான்கிரீட் போட்ட வாரத்தில் அவர் போய்விட்டார். மகன் ஸ்தானத்தில் நின்று நான்தான் கொள்ளி வைத்தேன்.

சின்னக் குமுட்டிச் சூட்டில் இவ்வளவு பெரிய கல் எப்படி உடையும் என்று இப்போது கேட்கிறீர்கள். இதை அவர் இருக்கும்போது ஒருவராவது கேட்டிருக்கலாம். கல்லை உடைத்தது நான். கருப்பம்மாவைக் கொன்றதும் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் படுத்துக் கிடந்த நாளெல்லாம் எங்கள் வீட்டுக் கஞ்சி ஒருவேளைகூடத் தவறாமல் போனது. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், சார்.