ஆறு வயர் மோட்டார்

எனக்கு வயது அறுபத்தொன்பது. கண் கொஞ்சம் போய்விட்டது, காது நன்றாகக் கேட்கும். அதனால் நீங்கள் மெதுவாகவே கேட்கலாம், சார்.

சுங்கை பினாங்கிலிருந்து புக்கிட் தெங்காவுக்கு முப்பத்தொரு வருடம் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வந்தேன். மோட்டார் பார்ப்பதுதான் வேலை. படிப்பு மூன்றாம் வகுப்பு. பழைய மோட்டாருக்கு மூன்று வயர். ஒன்று போனால் உறுமும், கருகல் நாற்றம் வரும், நின்றுவிடும். பிச்சைமுத்துவைக் கூப்பிடு என்பார்கள்.

போன வருடம் கூரைமேல் இருக்கிற இரண்டு பெரிய காற்றாடிக்கும் புது மோட்டார் வைத்தார்கள். ஆறு வயர், உள்ளே காந்தம், அதை ஓட்டுவதற்குக் கீழே தனித்தனியாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. கொண்டுவந்து மாட்டியவன் குணாளன். செபராங் ஜெயாவில் வீடு, படித்த பையன்.

"ஒரு வயர் போனாலும் மத்த அஞ்சும் அந்த வேலையப் பிரிச்சு எடுத்துக்கும் அங்கிள். பெட்டி தானா கணக்குப் போட்டு ஓட்டும்லா. உங்கள மாதிரி எம்சி லீவு எடுத்துட்டுப் படுக்காது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

நோவை மறைக்கிற எதையும் நான் நம்பியதில்லை. நிற்காத மோட்டாருக்கு நான் எதற்கு? என் பெண்சாதி குமுதாவுக்கு வாரம் மூன்று தரம் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். அது கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையில் நடக்கிறது. எனக்கு வேலை போனால் அட்டையும் போகும்.

அதனால் மேனேஜர் கண்முன் அது நிற்கட்டும் என்று, முதல் காற்றாடிக்குப் போகும் வயர்களில் ஒன்றை வெட்டினேன். நிற்கவில்லை. மூன்று நாள் பக்கத்திலேயே நின்று காது கொடுத்தேன். சத்தம்கூட மாறவில்லை.

நாலாம் நாள் குணாளன் கைப்பேசியைப் பார்த்தான். வயர் எந்த நிமிடம் போனது என்று பெட்டி எழுதி வைத்திருக்கிறது. அந்த நேரம் கூரையில் இருந்தது நான் ஒருவன். என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"நீங்கதான்னு தெரியும் அங்கிள். நான் யார்கிட்டயும் சொல்லல. வியாழக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டிருவோம்."

மறுநாள் எனக்கு ரொட்டி சானாய் வாங்கி வந்தான். காரணமில்லாமல் ஒருவன் வாங்கித் தருவானா? இன்றைக்குச் சொல்லாதவன் என்றைக்காவது சொல்வான். சாப்பிட்டுக்கொண்டே அதைத்தான் நினைத்தேன்.

எங்கள் இடத்தில் ஒரு பழக்கம். மெயினை அணைத்தவன் 'மாத்தி' என்று குரல் கொடுப்பான். மலாயில் செத்தது என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவன் வயரில் கை வைப்பான். புது மோட்டாருக்கு அது போதாது என்று குணாளன் தலைப்பாடாகச் சொல்லியிருந்தான். மெயின் இல்லாவிட்டாலும் காற்றாடி சுற்றினால் காந்தம் கரண்ட் உண்டாக்குமாம். அதனால் காற்றாடிக்குப் பூட்டுக் கம்பி போட்ட பிறகே மாத்தி சொல்ல வேண்டும். எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று இரண்டு தரம் சொன்னான். முதல் தரமே புரிந்தது.

வியாழக்கிழமை மதியம் இரண்டு காற்றாடியையும் நிறுத்தினோம். முதல் காற்றாடியின் மெயினை அணைத்துவிட்டு நான் கூரைக்கு ஏறினேன். அவன் புது வயர் மாட்டக் கீழே பெட்டியைத் திறந்தான். மீட்டர் வைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்டீர்கள். பார்த்தான். ஒன்றுமில்லை. காற்றாடி நின்றுகொண்டிருந்ததே.

"கம்பி போட்டாச்சா அங்கிள்?" வாக்கி டாக்கியில் கேட்டான்.

"மாத்தி" என்றேன்.

மெயின் செத்துத்தான் இருந்தது. அதில் பொய் இல்லை.

பிறகு பக்கத்துக் காற்றாடியின் சுவிட்சைப் போட்டேன். இரண்டுக்கும் ஒரே குழாய். அது காற்றை இழுத்தால் இது பின்பக்கமாகச் சுற்றும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. வாக்கி டாக்கியில் ஒரு சத்தம் வந்தது. பத்து நிமிடம் ஓட விட்டேன். அணைத்தேன். காற்றாடி நின்றதும் பூட்டுக் கம்பியைப் போட்டுவிட்டு இறங்கினேன். பெட்டிக்குள் மிச்சம் இருந்த கரண்ட் அடித்துச் செத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நான் தலையாட்டினேன்.

பக்கத்துக் காற்றாடி எப்போது ஓடியது என்று அதன் பெட்டியும் எழுதி வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சரி, நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். குமுதாவின் அட்டை நேற்றோடு நின்றுவிட்டதாம், உங்கள் ஆள் சொன்னார்.

நீங்கள் காட்டிய தாளையும் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையே குணாளன் மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தது. வயர் போன காரணம்: எலி கடித்தது. கீழே அவன் கையெழுத்து.

இதைப் பார்த்தால் என் மனம் மாறும் என்று நினைத்திருப்பீர்கள். எலி மேல் இவ்வளவு சுலபமாகப் பொய் எழுதுகிறவன், நாளைக்கு என்மேல் என்ன எழுதியிருப்பான், சார்?