ஜோடி ஐந்து

உங்கள் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நல்ல காற்று, ஐயா. எங்கள் எழுமலையில் இந்தச் சித்திரைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. கேளுங்கள், சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

செத்துப்போன விருமாண்டி என் தங்கை ஜெயக்கொடியின் புருஷன், பேரையூர்க்காரன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாங்கள் நாலு பேர் சீட்டாடுவோம். பட்டாளத்திலிருந்து வந்த பேச்சிமுத்து சொல்லிக்கொடுத்த ஆட்டம், போக்கர் என்பார். கைக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைப் போட்டுவிட்டு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம், அப்புறம் பந்தயம்.

இதில் சின்ன ஜோடி இருக்கிறதே, அதை ஆடத்தான் மூளை வேண்டும். கையில் ஜோடி ஐந்து, அதாவது இரண்டு ஐந்து, வருகிறது என்று வையுங்கள். எதிராளியிடம் சில்லறைதான் என்றால் பேசாமல் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிவிட வேண்டும். ஜெயிக்க மூன்றாவது ஐந்து வேண்டும், அது லேசில் வராது. வந்தாலும் அவனிடம் பிடுங்க ஒன்றும் இருக்காது. அவன் முன்னால் பணம் குவிந்து கிடந்தால் மட்டும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்.

விருமாண்டியிடம் என்றைக்கும் சில்லறைதான். நான் கவிழ்ப்பேன், அவன் சிரிப்பான். "மச்சானுக்குச் சின்னச் சீட்டு வந்தா வேட்டி நனைஞ்சிரும்" என்பான், எல்லார் முன்னாலும். பொறுத்துக்கொண்டேன். பொறுத்தார் பூமி ஆள்வார்.

மாசியில் நானேதான் போய்ச் சொன்னேன். "மாப்ள, பயலுக்குக் காது குத்திருவோம். மொய் விழுந்தா கெணத்த ஆழமா வெட்டிரலாம்ல." எண்பத்திரண்டில் மழை பொய்த்ததிலிருந்து அவன் கிணறு வறண்டு கிடந்தது. ஜெயக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது.

தாய்மாமன் சீர் என்றால் சும்மாவா? மேளம், கிடாய், பித்தளை அண்டா, பயலுக்குத் தங்கத் தோடு. ஊரே மெச்சியது. என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினார்கள். பயல் வீறிட்டான். நான் மொய் வாங்குகிற மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செலவு அதிகம்தான். எதிரே குவியல் வேண்டுமென்றால் நாமும் கொஞ்சம் போட்டுத்தானே ஆகவேண்டும்.

பந்தி முடிந்து அண்டா கழுவும்போதே பந்தலில் சீட்டைப் போட்டோம். மொய்ப்பை அவன் மடியில் இருந்தது. சின்ன ஜோடி வந்தபோதெல்லாம் கொஞ்சம் போட்டேன், தோற்றேன், அவன் சிரித்தான். வெயில் இறங்குகிற சமயம் ஜோடி ஐந்து வந்தது. சீட்டு மாற்றினேன், மூன்றாவது ஐந்தும் வந்தது. அவனிடம் ராஜா ஜோடியும் ராணி ஜோடியும். பார்க்கப் பெரிசு, ஆனால் மூன்று ஐந்துக்கு அது தோற்கும். ஜெயித்துக்கொண்டிருந்த மிதப்பில் பையை அப்படியே கவிழ்த்தான். ஏமாற்று கிடையாது, பேச்சிமுத்துவைக் கேளுங்கள்.

"மச்சான், பாதியவாச்சும் குடுங்க. அம்புட்டுப் பேருக்கும் திருப்பிச் செய்யணும்ல. ஊர் மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

"சீட்டுல விட்டதச் சீட்டுலதான் எடுக்கணும் மாப்ள" என்றேன். நியாயம்தானே?

மறுநாள் காலை என் உரக்கடைக்கு வந்தான். பருத்தியில் புழு விழுந்திருக்கிறது, ஒரு பாட்டில் பாலிடால் பூச்சிமருந்து வேண்டும், கையில் காசில்லை என்றான். நானே எடுத்துக் கொடுத்தேன். அவன் காட்டில் அந்த வருஷம் பருத்தியே கிடையாது. அது தெரிந்துதான் கொடுத்தேன். விட்டால் பார்க்கிற இடமெல்லாம் பாதியைக் கேட்டு நின்றிருப்பான்.

ஜெயக்கொடி மண்ணை வாரித் தூற்றுகிறாள். தூற்றட்டும். அவள் புருஷன் கடைசியாகக் கேட்ட பொருளுக்கு நான் காசுகூட வாங்கவில்லை.