எர்த் கம்பி

இந்த மேஜை லேசாக ஆடுகிறது. ஓர் அட்டையை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுங்கள், சரியாகிவிடும். தப்பாக நினைக்காதீர்கள், பழக்க தோஷம். இருபத்தாறு வருஷமாகக் குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. தொழிற்சாலை மெஷின்களையும் அவற்றை இயக்கும் கண்ட்ரோல் பேனல்களையும் மின்சார விதிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். எல்லாம் சரியென்றால் கையெழுத்து. அதன்பிறகு அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை.

குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் என் மனைவி கிளம்பிப் போனாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை வாயைத் திறந்தால் என் குரலே எனக்குக் கரகரப்பாகக் கேட்கும். தனிமை கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் பாட்டில் கழுவும் மெஷினுக்கு முதல் நாள் முப்பத்து நான்கு குறை எழுதினேன். கம்பிகளின் நிறம் தப்பு, பேனல் கதவுக்குப் பூட்டு இல்லை, ஒரே ஸ்க்ரூவில் மூன்று கம்பி. மெஷினை ஓட்டுகிற பெண் எட்டிப் பார்த்தாள்.

"எங்க மாமியாரே தோத்துடுவாங்க சார் உங்ககிட்ட."

நான் சிரித்தேன். எத்தனை நாள் கழித்துச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாம் முறை போனபோது சார் போய் அண்ணா ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டில் பாதியை டப்பா மூடியில் வைத்து நீட்டுவாள். "தனியா இருக்கிறவங்க வயித்தைக் கவனிக்க மாட்டாங்கண்ணா, சாப்பிடுங்க." குற்றம் பார்த்ததால் சுற்றம் கிடைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குறைகள் பதினொன்றாயின, நான்காயின, பிறகு ஒன்றுமில்லை.

"இனிமே வரமாட்டீங்களாண்ணா?"

"குறை இருந்தாத்தானேம்மா வர முடியும்?"

"அப்போ ஏதாவது ஒண்ணு இருக்கட்டும்ண்ணா."

அவளே கேட்டதுதான். அவள் கை கழுவப் போன நேரத்தில் பேனலைத் திறந்து எர்த் கம்பியின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கம்பியை நூலளவு வெளியே இழுத்து வைத்தேன். மெஷினின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி அது. பார்வைக்கு மாட்டியிருப்பதுபோலவே இருக்கும். வாரா வாரம் எலக்ட்ரீஷியன் எர்த்தை அளக்க வேண்டும் என்பது விதி. அளந்தால் தெரியும், தெரிந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். கணக்கு அவ்வளவுதான்.

போன் வரவில்லை. பத்தாம் நாள் நானே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "எர்த் அளந்தாச்சா?"

"அளந்தாச்சு சார், எல்லாம் பக்காவா இருக்கு."

அளக்கவில்லை என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவரே ஒரு நிமிஷத்தில் ஸ்க்ரூவை முறுக்கியிருப்பார், நான் போக வேண்டிய தேவையே இருந்திருக்காது. அதனால் "சந்தோஷம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

எர்த் இல்லாததால் மட்டும் யாரும் சாவதில்லை. மெஷினைக் கழுவும்போது மோட்டாருக்குள் தண்ணீர் இறங்க வேண்டும். கசிவு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்யாமல் இருக்க வேண்டும். அது அடிக்கடி விழுகிறதென்று, நான் கையெழுத்துப் போட்ட பிறகு, எலக்ட்ரீஷியனே அந்தச் சுவிட்சை விட்டுவிட்டுக் கம்பியை நேராக இணைத்திருக்கிறார். ஆக மொத்தம் மூன்று தப்பு. அதில் என்னுடையது ஒன்றே ஒன்று. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பதினாறாம் நாள் போன் வந்தது. "சார், உடனே வாங்க" என்றார்கள். எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன். போய்ப் பார்த்தால் மெஷினுக்கு முன்னால் ஈரத்தரையில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் டப்பா திறக்காமல் இருந்தது. அழுதேன், உண்மையாகவே அழுதேன். தங்கச்சி மாதிரி இருந்தவள்.

நீங்கள் நல்ல மனிதர். நாலு நாளாகத் தவறாமல் வருகிறீர்கள், உட்காருகிறீர்கள், நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள். இப்படி யார் கேட்கிறார்கள்? ஸ்க்ரூவைத் தளர்த்தியது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்த விசாரணைக் கோப்பை இன்றைக்கே மூடிவிடாதீர்கள். வேறொரு தொழிற்சாலையிலும் ஒரு மெஷினில் இதையே செய்து வைத்திருக்கிறேன். எந்த ஊர், எந்த மெஷின் என்பதைப் பற்றி நாளைக்கு வாருங்கள், பேசுவோம். அவசரமில்லை, அங்கே வெள்ளிக்கிழமைதான் மெஷினைக் கழுவுவார்கள்.