நடுநிலையாளன், அபுதாபி

சிஸ்டர், வெள்ளிக்கிழமைகளில் எங்கள் அறையில் கோழிக்குழம்பு வைப்பது என் பொறுப்பு. மற்றவர்கள் கை வைத்தால் மிளகாய் தூக்கலாகிவிடும், என் வயிறு தாங்காது. நேற்று நீங்களும் உங்கள் கணவரும் எங்கள் லேபர் கேம்ப் வாசலுக்கு வந்தபோது அதைத்தான் கிளறிக்கொண்டிருந்தேன். அதனால்தான் கையெல்லாம் மசாலாவோடு வந்து நின்றேன்.

ஊரிலிருந்து அன்னபாக்கியம் உங்களுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "செல்வசிங் எங்கே?" எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எனக்குப் பேச்சைவிட எழுத்துதான் வரும். என் பெயர் கார்மேகம், பரமக்குடிப் பக்கம். முசஃபாவில் எங்கள் கம்பெனியின் ஸ்டோரில் ஒன்பது வருடமாக வேலை. இதுவரை ஒரு போல்ட்டுகூடக் குறைந்ததில்லை. நான் பொறுப்பில்லாத ஆள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் அறையில் எட்டுப் பேர். முன்பொரு முறை தேர்தல் நேரத்தில் வீரபாண்டிக்கும் மணிகண்டனுக்கும் வாய்த்தகராறு முற்றி, சோற்றுத்தட்டு பறந்து, வீரபாண்டியின் நெற்றியில் மூன்று தையல் விழுந்தது. அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தோம். அறைக்குள் யாரும் அரசியலை வாயால் பேசக் கூடாது. நான்தான் அதை அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினேன். இன்னும் இருக்கிறது.

வாயால்தானே பேசக் கூடாது. என்னிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது, என் பெயரில் எடுத்த நெட் கனெக்‌ஷனும் இருந்தது. எல்லோரும் படிக்கும் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில், ஒவ்வொரு செய்திக்கும் கீழே கருத்து எழுதலாம். பெயரையும் ஊரையும் போட்டால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தமிழில் அடிக்கத் தெரிந்தவன் அறையில் நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொருவராக என் கட்டிலுக்கு வந்து சொல்வார்கள், நான் அடிப்பேன். வீரபாண்டி மணிகண்டனைத் திட்டுவதையும் நான்தான் அடிப்பேன், மணிகண்டன் வீரபாண்டியைத் திட்டுவதையும் நான்தான் அடிப்பேன். பிறகு இருவரும் ஒரே தட்டில் மாம்பழம் சாப்பிடுவார்கள். இப்படி ஒரு நல்ல ஏற்பாடு வேறெந்த அறையிலும் கிடையாது.

அவர்களெல்லாம் சொந்தப் பெயரிலேயே போட்டார்கள். நான் மட்டும் 'நடுநிலையாளன், அபுதாபி' என்று போட்டேன். நான் எந்தப் பக்கமும் சாய்கிறவன் இல்லை. உண்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

செல்வசிங் வெல்டர். உங்கள் கடற்கரைப் பக்கத்து ஆள்தான், என் கட்டிலுக்கு மேல்கட்டில் அவருடையது. அவர் வந்தபிறகு ஏற்பாடு கொஞ்சம் மாறியது. நான் செய்தியை இரண்டு முறை படித்து, பழைய செய்திகளைத் தேடி எடுத்து, ஒரு பத்தி எழுதுவேன். அவர் மேலிருந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணு அடியும் வே" என்று ஆரம்பிப்பார். இரண்டே வரி. அடிக்கும்போதே எனக்குத் தெரியும், என் பத்தி போயிற்று. ஆனாலும் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றியதில்லை. மாற்றியிருக்கலாம், அவர் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுவார். நான் மாற்றவில்லை.

அவர் மனைவி அன்னபாக்கியம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கிருக்கும் பெண்ணைத் திறக்கச் சொல்லி, 'செல்வசிங், முசஃபா' என்று எங்கே வருகிறது என்று தேடுவாராம். அதுதான் அவர்களுக்குக் கடிதம். "என் பேரு வந்திருந்தா நான் சொகமா இருக்கேன்னு அர்த்தம்" என்று இவர் சொல்லி வைத்திருந்தார்.

போன ஜூலையில் பக்கத்து யார்டில் சாரம் சரிந்து ஒருவர் இறந்தார். ஆள் கவனக்குறைவாக இருந்ததாகச் செய்தி வந்தது. செல்வசிங் அன்றைக்கு அந்த யார்டில் வேலைக்குப் போயிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை அவர் கட்டிலிலிருந்து கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தாளுக்கு சேஃப்டி பெல்ட்டே குடுக்கல. நான் கண்ணால பாத்தேன். நான் சொல்லுதேன், நீரு அடியும்."

பக்கத்து யார்டும் எங்கள் முதலாளியுடையதுதான். கம்ப்யூட்டர் என்னுடையது. கனெக்‌ஷன் என் பெயரில். பிடித்தால் முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள். விசாவைக் கேன்சல் அடித்து, ஏர்போர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள், அதுவும் அதோடு விட்டால். அவர் சொன்னதை அப்படியே அடித்தேன். அனுப்பிவிட்டேன் என்றும் சொன்னேன். ஆனால் அனுப்பவில்லை, தனியாகச் சேமித்து வைத்தேன். ஏன் அழிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மனிதன் சொன்னதை அழிப்பது சரியென்று படவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கேம்ப் வாசலில் வெள்ளை பிக்கப் நின்றால் கழிப்பறைக்குள் போய் நின்றுகொள்வேன். அனுப்பாத கருத்துக்கே இந்தப் பயம். இவரோ, "அது ஏன் வே இன்னும் வரல? இன்னொரு தரம் அடியும்" என்று வாரா வாரம் கேட்டார். இந்த ஆள் ஒருவரால் எட்டுப் பேரும் நடுத்தெருவில் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தது. எனக்காக மட்டும் நான் பயப்படவில்லை.

பிறகு செப்டம்பரில் நம் ஊர் மின்வெட்டுச் செய்தி வந்தது. நான் நீளமாக, நிதானமாக எழுதினேன். அந்த வருடம் காற்று குறைவு, அதனால் காற்றாலை மின்சாரம் குறைவு, இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை என்று புள்ளிவிவரத்தோடு எழுதினேன். செல்வசிங் மேலிருந்து சொன்னார், நான் அடித்தேன். "எங்க வீட்டுக்கு எதுத்தாப்புலயே காத்தாடி சுத்திக்கிட்டுத்தான் கெடக்கு. கரண்ட கேட்டா காத்து அடிக்கலங்காவ. அப்போ காத்தாடிய எவன் கையால சுத்துதான்?"

அறையே சிரித்தது. மணிகண்டன் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். மாலைக்குள் அந்த வரிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆதரவு போட்டிருந்தார்கள். எனக்கு ஒன்பது. மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது யாரோ, "நடுநிலை அண்ணே, காத்தாடிய யாருண்ணே சுத்துனா?" என்று கேட்டார்கள். அதற்கும் சிரித்தேன்.

அடுத்த நாள், சனிக்கிழமை, ஸ்டோர் ஆபீஸில் உட்கார்ந்து அந்த ஜூலைக் கருத்தை அனுப்பினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார் அல்லவா. பெயருக்குக் கீழே கேம்ப் எண்ணும் அறை எண்ணும் சேர்த்தேன், எதையும் முழுமையாகச் செய்வது என் பழக்கம். அது தளத்தில் வந்ததும் ஒரு பிரதி எடுத்து, மெஸ் வாசலில் இருக்கும் புகார்ப் பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டியின் சாவி கேம்ப் பாஸ் செய்கு அலாவுதீனிடம் இருக்கும். அவர் கீழக்கரைக்காரர், தமிழ் நன்றாகப் படிப்பார். மேலே உள்ளவர்கள் ஒரு வார்த்தை கண்டித்து வைத்தால் எல்லோருக்கும் நல்லது என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் வண்டி வந்தது. செல்வசிங் டூட்டி டிரஸ்ஸோடு ஏறினார். "கையெழுத்துக்குக் கூப்பிடுதாவ. மத்தியானத்துக்குள்ள வந்துருவேன், சோறு எடுத்து வையும்" என்று என்னிடம் சொன்னார். எடுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் அலாவுதீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. "தம்பி, வண்டியில வச்சே பத்தாக்கா கார்டைப் புடுங்கிட்டாங்களாம். போலீஸ்ல குடுக்கப் போறோம்னு மிரட்டிருக்காங்க. சிக்னல்ல வண்டி நின்னதும் இவரு குதிச்சு ரோட்டுக்குக் குறுக்க ஓடிருக்காரு. டிரெய்லர் வந்துருச்சு." கம்பெனி திங்கட்கிழமை மதியமே அவர் ஓடிப்போய்விட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டது. அதனால் ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவர் யாருடைய ஆளும் இல்லாமல் கிடந்தார். போலீஸ் ஒவ்வொரு கேம்ப்பிலிருந்தும் ஒருவரைக் கூப்பிட்டு அடையாளம் கேட்டது. எங்கள் கேம்ப்பிலிருந்து ஹிந்தியும் இங்கிலீஷும் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள்.

காலை பத்து மணி. சிஸ்டர், நீங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர், அந்தக் குளிர் உங்களுக்குப் பழகியிருக்கும். எனக்குப் பல் கிட்டியது. போலீஸ்காரர் நல்ல மனிதர். என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, அவசரமில்லை, நன்றாகப் பார் என்றார். இடது மணிக்கட்டில் வெல்டிங் பொறி பட்ட வடு மூன்று புள்ளியாக இருந்தது. கழுத்தில் ஜெபமாலை இருந்தது. முகமும் ஓரளவு நன்றாகவே இருந்தது.

ஆமென்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். எந்த வண்டி, எதற்காக ஏற்றினார்கள், எந்தக் காகிதம், யார் அடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பயம் என் வாழ்நாளில் பட்டதில்லை. "மாலூம் நஹி" என்றேன், தெரியாது என்று. ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். மிச்சத் தண்ணீரை வரும் வழியில் குடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்னபாக்கியம் பிரவுசிங் சென்டருக்குப் போவார் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. பெயர் இல்லையென்றால் பதறுவார், ஊரைக் கூட்டுவார், யாராவது தேடி வருவார்கள். வெள்ளிக்கிழமை நான் ஒரு வரி எழுதினேன், பேருந்துக் கட்டணத்தைப் பற்றி. செல்வசிங் எப்படிச் சொல்வாரோ அப்படியே. கீழே 'செல்வசிங், முசஃபா'. எண்பத்தேழு பேர் ஆதரவு போட்டார்கள்.

ஒரு தடவை அன்னபாக்கியம் என் நம்பருக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, அவிய போனு எடுக்க மாட்டங்காவளே." தீவு சைட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், அங்கே டவர் இல்லை, ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் உண்டு என்று சொன்னேன். அறையில் கேட்டவர்களுக்கும் அதையேதான் சொன்னேன். "பேரு வருதுல்லா, அது போதும்" என்றார் அவர். எவ்வளவு நிம்மதியாகச் சொன்னார் தெரியுமா. ஒரு பெண்ணுக்கு நான்கு மாதம் நிம்மதி கொடுத்திருக்கிறேன், அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த நான்கு மாதமும் செல்வசிங் அந்தக் குளிருக்குள்தான் கிடந்தார். யாரும் வந்து கேட்கவில்லை, ஏனென்றால் அவர் வாரா வாரம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் மறுபடி காற்றாலைச் செய்தி வந்தது. நான் எழுதினேன். அவரும் எழுத வேண்டும் அல்லவா, எழுதாமல் இருந்தால் சந்தேகம் வரும். வெகுநேரம் உட்கார்ந்து யோசித்தேன். கடைசியில் இப்படி அடித்தேன்: "காற்றாடி விஷயத்தில் நடுநிலையாளன் சொன்னதே சரி. நான்தான் தெரியாமல் பேசிவிட்டேன்."

நேற்று அந்தக் கடிதத்தில் இதைத்தான் வாசித்துக் காட்டினீர்கள். "அவிய தப்புன்னு ஒருத்தன்கிட்டயும் ஒத்துக்கிட மாட்டாவ. அதுலயும் காத்தாடி எங்க வாசலுக்கு எதுக்கத்தான் சுத்துது. இது அவிய இல்ல, சிஸ்டர். அவியளுக்கு என்னமோ ஆயிட்டு." அந்த ஒரு வரியை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். படிக்காத பெண் என்று நான் நினைத்திருந்தேன்.

செல்வசிங் எங்கே என்று கேட்டீர்கள். எந்த ஆஸ்பத்திரி என்பதையும் தேதியையும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பெயர் தெரியாதவர் என்று பதிந்திருப்பார்கள், இடது மணிக்கட்டைப் பாருங்கள். அவரைக் காட்டிக்கொடுத்தது நான், தெரியாது என்றது நான், அவர் பெயரில் உயிரோடு இருந்ததும் நான். இதை நீங்கள் போலீஸுக்குக் கொடுப்பீர்கள். காலையிலிருந்து வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் உடம்பு தூக்கிப்போடுகிறது.

செய்த எல்லாவற்றையும் பயத்தில்தான் செய்தேன், சிஸ்டர். அந்த ஜனவரி வரியை மட்டும் பயத்தில் எழுதியதாக நினைத்துவிடாதீர்கள். அந்த வருடம் உண்மையிலேயே காற்று குறைவுதான்.