பத்தொம்பது மணி நேரம் ஓடுற மோட்டார்

இல்ல சார், அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. நாத்தம் அஞ்சு நிமிஷத்துல பழகிடும். எனக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு, இப்ப வெளிய போனாத்தான் மூக்குக்கு ஏதோ குறையுது.

விசாரணைக்குன்னு உங்கள அனுப்பியிருக்காங்க, சரி. போன வியாழக்கிழமை பகல்ல நாப்பது நிமிஷம் மோட்டார் ஏன் ஓடல, ஆப்பரேட்டர் தூங்கிட்டானா, அதானே கேள்வி? சொல்றேன். வேலை போனாலும் போகட்டும், சொல்லிடுறேன். ஆனா மொதல்ல இந்தக் கிணத்த எட்டிப் பாருங்க. கம்பியப் பிடிச்சுக்கங்க. இந்த வட்டாரத்துச் சாக்கடை மொத்தமும் வந்து விழுற கிணறு சார் இது. தண்ணி எப்படி இருக்கு? தெளிவா இருக்கா? அதான் என் தலைவலி. சாக்கடை இவ்ளோ தெளிவா இருக்கலாமா, நீங்களே சொல்லுங்க.

மழை பேஞ்சு நாலு மாசம் ஆச்சு. வீடுகளுக்கு நாம தண்ணி விடுறது ஒரு நாளைக்கு ரெண்டே மணி நேரம். இங்க சாக்கடைய எறைச்சுத் தள்ளுற மோட்டார் பத்தொம்பது மணி நேரம் ஓடுது. ஒரு குடம் உள்ள போனா நாலு குடம் வெளிய வருமா? பூமிக்குள்ள கெடக்குறது எங்க தாத்தா காலத்து மண் குழாய். மூட்டு மூட்டா விட்டுப்போச்சு. கடல் ஏறுறப்ப மண்ணுக்குள்ள நிக்கிற தண்ணியும் கூடவே ஏறி, விரிசல் வழியா உள்ள பூந்துடுது. இந்த ஏணியில வெள்ளையாப் பூத்திருக்கே, சுரண்டிப் பாருங்க. உப்பு சார். யாரு கக்கூஸ்ல கடல் தண்ணி ஊத்துறா?

எழுதாம இல்ல. பதினோரு கடுதாசி போட்டாச்சு. ஆபீஸ்ல எனக்கு உப்புன்னே பேரு வெச்சுட்டாங்க. உப்பு எழுதியிருக்கான், உப்பு போன் பண்றான்னு ஒரே சிரிப்பு. பதில் ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. மழைத்தண்ணிய சாக்கடையில விடுற வீடுகளக் கண்டுபிடிச்சு நோட்டீஸ் குடுக்கணுமாம். எந்த மழை சார்? அப்புறம் தண்ணியோட மணலும் வந்து ரெண்டு தடவ மோட்டாரத் தேச்சுடுச்சு. அதுக்கும் எனக்குத்தான் மெமோ. வயித்தெரிச்சலா இருக்காதா?

ஊழியர் எழுதுனா ஃபைலுக்குப் போவும். ஜனங்க புகார் குடுத்தாத்தான் ஆள் வரும். இதோ, நீங்க வந்துட்டீங்களே.

கரண்டு போகல சார். நான் தூங்கவும் இல்ல. நான்தான் நிறுத்தினேன். ஆமா, எழுதிக்கங்க, வேணும்னேதான். அன்னிக்கு அமாவாசை, கடல் கூடுதலா ஏறுற நாளு. பகல் பதினொண்ணரைக்கு ஒரு மணி நேரம் நிறுத்துனா, தாழ்ந்த தெருவுல கடைசி மேன்ஹோல் மூடி வரைக்கும் தண்ணி வரும், நாலு பேரு பாப்பாங்க, படம் எடுப்பாங்க, புகார் போவும். அதுதான் நான் போட்ட கணக்கு. இதுக்கு மேல ஏற விடக்கூடாதுன்னு கிணத்துச் சுவத்துல சாக்பீஸால கோடு போட்டுட்டு நின்னேன். இருபதே நிமிஷத்துல கோட்டத் தாண்டிடுச்சு. எவ்ளோ தண்ணி உள்ள வருதுன்னு ஊரெல்லாம் கத்துன நானே அதக் கம்மியா நெனச்சுட்டேன் பாருங்க. ஓடிப்போயி சுவிட்சப் போட்டா, ஸ்டார்ட்டர் பிடிக்கல. அதப் பிடிக்க வைக்க இன்னும் இருபது நிமிஷம்.

அதுக்குள்ள கடைசி வீட்டுக் கக்கூஸ் வழியா உள்ள பூந்துடுச்சு. புகார்ல படிச்சிருப்பீங்களே, அத எழுதுன அந்தம்மா தையல் வேலை பாக்குறவங்க. ஒரு பள்ளிக்கூடத்துக்கே சீருடை, துணிய வெட்டித் தரையில பரப்பி வெச்சிருந்தாங்க. ஒண்ணு மிஞ்சல. கடைசி வரியில என்ன எழுதியிருக்கு? ஆப்பரேட்டர் மேல தப்பு இல்ல, கரண்டு போயிருக்கு, அவர் அப்படிப்பட்டவர் இல்லன்னு இருக்குல்ல?

அவங்களுக்கு எப்படித் தெரியும்னா கேக்குறீங்க? இருபத்தோரு வருஷமா என்கூடக் குடித்தனம் பண்றா சார். தெருவுலயே தாழ்வான வீடு நம்ம வீடுதான், வாடகை கம்மின்னு போனோம். கரண்டு போயிடுச்சுன்னு சொன்னேன், நம்பிட்டா. சேத்தப் பக்கெட்டுல அள்ளிக் கொட்டிக்கிட்டே எனக்கு ஆறுதல் சொன்னா, நீ என்ன பண்ணுவ, விடுன்னு.

அடுத்து அவகிட்டதானே வாக்குமூலம் வாங்கப் போறீங்க? ஒரு அரை மணி நேரம் இங்கயே இருங்க சார். மெமோவோ டிஸ்மிஸோ, வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன். மொதல்ல நான் போயி அவகிட்டச் சொல்லிட்டு வந்துடுறேன்.