கறுப்பு மழைக்கோட்டு

யாருக்காவது துணிமணி வாங்கிக் கொடுப்பதென்றால் நான் அளவு பார்த்துத்தான் வாங்குவேன். அத்தானுக்கு வாங்கிய மழைக்கோட்டும் தோள், கை, நீளம் எல்லாம் கச்சிதமாக இருந்தது. அதைப் பற்றி நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள், ஐயா. சொல்லிவிடுகிறேன்.

குப்பை பிரிக்கும் கூடத்தில் என் வேலை கேமராவுக்குப் பாடம் சொல்வது. பெல்ட்டில் ஓடும் குப்பைமேல் விளக்கு அடிக்கும். திரும்பி வரும் ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாததைக் கேமரா படிக்கும். காகிதம் ஒரு மாதிரி திருப்பும், தண்ணீர் பாட்டில் வேறு மாதிரி. அதை வைத்து இனம் கண்டு, காற்றை ஊதி, ஒவ்வொன்றையும் அதனதன் தொட்டியில் தள்ளிவிடும். ஆறு வருடம் அதைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தேன்.

அதற்கு ஒரே ஒரு குறை. கறுப்பு பிளாஸ்டிக் ஒளியை விழுங்கிவிடும், எதையும் திருப்பாது. பெல்ட்டும் கறுப்பு. ஆகவே கேமராவுக்கு அந்த இடம் காலி. அப்படித் தப்பிப் போவதைக் கையால் பொறுக்கத்தான் அத்தானை, என் அக்கா கணவரை, வேலையில் வைத்திருந்தார்கள். குப்பை பொறுக்கிய மற்ற கைகளையெல்லாம் எப்போதோ வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.

அத்தான் நல்லவர். அவர் வீட்டில்தான் நானும் இருந்தேன், ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. வாய்தான் சும்மா இருக்காது. ஷிப்ட் முடிந்ததும் கேமரா விட்ட கறுப்புத் தட்டு, மூடி எல்லாவற்றையும் கொண்டுவந்து என் மேசையில் வரிசையாக அடுக்குவார்.

"மாப்ள, உன் பொண்ணு இன்னைக்கும் தூங்கிட்டா போலிருக்கே."

கூடமே சிரிக்கும். வீட்டில் சாப்பிடும்போது அதையே இன்னொரு முறை சொல்வார். அக்கா சிரிப்பாள், அவள் மகளும் சிரிப்பாள். நானும் சிரித்தேன். எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. அதை யாரிடம் சொல்வது?

ஆள் ஏறினால் பெல்ட் நிற்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததும் நான்தான். தோல் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு கை தேவைப்பட்டது. அத்தான்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விளக்கின் கீழ் அரை மணி நேரம் கையை நீட்டினார். அதற்குப் பிறகு பெல்ட்டின் உருளையில் ஏதாவது சிக்கினால் யாரும் மின்சாரத்தை நிறுத்திச் சாவியால் பூட்டிவிட்டு ஏறுவதில்லை. பூட்ட வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நானே சொல்லியிருந்தேன். சிக்கல் நீங்கி, ஆளும் இல்லை என்று கேமரா சொன்னால் பெல்ட் தானாக ஓடும்.

தூசி அடங்கத் தண்ணீர் தெளிப்பதில் அத்தான் தினமும் நனைவார். அதனால்தான் தலைமூடி வைத்த மழைக்கோட்டு, கூடவே கையுறை, எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக்கில். கொடுப்பதற்கு முன் மதிய இடைவேளையில் பெல்ட்டில் விரித்து மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். திரையில் ஒன்றுமே இல்லை. முகம் தெரியுமே என்பீர்கள். குனிந்து வேலை செய்கிறவருக்கு முகம் கீழேதான் இருக்கும்.

அவருக்கு ஒரே சந்தோஷம். எதற்கு வீண் செலவு என்று என்னைக் கடிந்துகொண்டே அக்காவிடம் போட்டுக் காட்டினார்.

பதினோராவது நாள் உருளையில் கயிறு சுற்றிக்கொண்டது. பெல்ட் நின்றது. அத்தான் ஏறிக் குனிந்து அறுத்தார். கயிறு விட்டதும் பெல்ட் நகர்ந்தது. அதன் கடைசியில் இருப்பது நசுக்கிக் கட்டும் இயந்திரம்.

அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அவர் கூப்பிட்டாராடா?"

இல்லை என்றேன். அவளுக்கு இனி என்னை விட்டால் ஆள் இல்லை. அவள் மனம் நோகக்கூடாது.

கூப்பிட்டார். "மாப்ள, நிறுத்து" என்றார். முதல் முறை சாப்பாட்டின் நடுவே தண்ணீர் கேட்பது போலத்தான் கேட்டார். இரண்டாவது முறை சத்தமாக. சிவப்புப் பொத்தான் என் வலக்கைக்கு அருகில் இருந்தது. எதிரே கண்ணாடி ஜன்னல், அதன் பக்கத்தில் திரை. நான் திரையைப் பார்த்தேன். பெல்ட் காலியாக இருந்தது. ஆறு வருடமாக நான் நம்பியது அதைத்தானே.

அன்று சாயங்காலம் முதல் தடவையாக என் மேசைமேல் எதுவும் இல்லை. வழக்கம்போல் தினப் பதிவேட்டை எடுத்து எழுதினேன். இப்போது உங்கள் கையில் இருப்பது அதுதான், கடைசி வரியைப் பாருங்கள். இன்று கேமரா தவறவிட்டவை: ஒன்றுமில்லை.